அறிவு இருக்கிறது, காசுதான் இல்லை

“ஆரோக்கியமாகச் சாப்பிடக் காசு வேண்டாம், அறிவு இருந்தால் போதும்.” பள்ளி ஆண்டு விழா, இயற்கை உணவுத் திருவிழா, வாட்ஸ்அப் காணொளி என்று பல வருடங்களாக இந்த வசனம் என்னை விடாமல் துரத்துகிறது. இதைச் சொல்பவர் யாரும் மாதக் கடைசியில் மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்குபவராக இருந்து நான் பார்த்ததில்லை.

முன்னோர் கம்பங்கூழ் குடித்து நூறு வயது வாழ்ந்தார்களாம். நாடு விடுதலை அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. அதோடு அந்த வாதத்தை முடித்துக்கொள்வோம்.

அடுத்தது சிறுதானியம். 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. தினையும் சாமையும் அழகான பாக்கெட்டுக்குள் புகுந்து, அரிசியைவிட விலை உயர்ந்த சரக்காகிவிட்டன. ரேஷனில் சும்மா கிடைக்கும் அரிசியை விட்டுவிட்டு அதை வாங்கச் சொல்வதற்குப் பெயர்தான் அறிவு போலும். முருங்கைக் கீரைக்குக் காசு வேண்டாம் என்பதும் உண்மைதான், மரம் இருந்தால். ஒற்றை அறை வாடகை வீட்டில் மரத்தை எங்கே நடுவது என்பதையும் பேச்சாளரே சொல்லிவிட்டால் நல்லது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஏழைகள் தவறானதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் இந்த வசனத்தின் உள்ளர்த்தம். ஆரோக்கியமாகச் சாப்பிடக் குறைந்தபட்சம் எவ்வளவு செலவாகும் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஆண்டுதோறும் ஒரு கணக்குப் போடுகிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,330 கலோரி. தானியம், பருப்பு, காய், பழம், முட்டை பால் மீன் வகையறா, எண்ணெய் என ஆறு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் அந்தந்த நாட்டுச் சந்தையில் எது மிக மலிவோ அதை மட்டும் எடுக்கிறார்கள். வாஷிங்டன் ஆப்பிளும் அவகாடோவும் அங்கே கிடையாது. விறகு, கேஸ், சமைப்பவரின் உழைப்பு எதற்கும் செலவு சேர்ப்பதில்லை. அதாவது, உலகத்திலேயே கெட்டிக்காரக் குடும்பத் தலைவி ஒருத்தி கடை கடையாக ஏறி விலை பேசி வாங்கினால் என்ன ஆகுமோ, அந்தத் தொகை. மேடைப் பேச்சாளர் கேட்கும் அறிவு முழுவதையும் முதலிலேயே கொடுத்துவிட்டுத்தான் கணக்கே தொடங்குகிறது.

விடை என்ன? 2024இல் உலகச் சராசரி 4.46 டாலர். இது வங்கியில் மாற்றும் டாலர் அல்ல, உள்ளூர் விலைவாசிக்கு இசைய மாற்றிய டாலர். இந்தியாவில் அப்படி ஒரு டாலர் இருபது ரூபாய் சொச்சம். ஆக, ஆளுக்கு எண்பது, தொண்ணூறு ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு முந்நூற்று இருபதுக்கு மேல். அதே 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த தினக்கூலி 319 ரூபாய். வாடகை, பஸ், மாத்திரை எல்லாவற்றையும் அறிவை வைத்தே கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்த ஆண்டில் இந்தச் சாப்பாட்டை வாங்க முடியாதவர்கள் உலகில் 260 கோடிப் பேர். ஆப்பிரிக்காவில் மட்டும் நூறு கோடிக்கு மேல். ஏழை நாடுகளில் பத்தில் ஏழு பேர். மூன்றில் ஒரு பங்கு மனித குலம் ஒரே நேரத்தில் முட்டாளாகிவிட்டதா?

எங்கே இடிக்கிறது என்றும் அதே அமைப்பு சொல்லியிருக்கிறது. 2017 விலைப்படி வெறும் கலோரிக்கு, அதாவது வயிறு நிறைய மாவுச்சத்துக்கு, 79 சென்ட் போதும். ஆரோக்கியமான உணவுக்கு 3.75 டாலர், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. சோறு மலிவு, அதன்மேல் வந்து விழ வேண்டியவைதான் விலை. குழம்பை நீர்க்க வைக்கும் அம்மாவுக்கு இது எந்த அறிக்கையும் படிக்காமலே தெரியும். பிள்ளைக்குப் பத்து ரூபாய் சிப்ஸ் வாங்கித் தருகிறாள் என்று அவளைத் திட்டுகிறவர்கள், பத்து ரூபாய்க்கு எத்தனை மாதுளை முத்து வரும் என்று பார்த்ததுண்டா?

சத்துணவில் முட்டை வந்தபோது, பிள்ளைகளுக்கு அதைத் தின்னும் அறிவை யாரும் தனியாகக் கற்றுக்கொடுக்கவில்லை. தட்டில் வைத்தார்கள், தின்றார்கள்.

அந்த 2,330 கலோரிக் கணக்கில் பருப்பு வகைக்கு ஒதுக்கியது 300 கலோரி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 85 கிராம் அளவுக்கு வரும். நம் ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு, அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. நாலு பேர் வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம்.