கைநாட்டுக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்
முதியோர் இல்ல ஒப்பந்தம் குறித்து எங்கள் நிலைப்பாடு

காரவள்ளியில் தொடங்கி கொல்லிமலை உச்சி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ஓர் இல்லத்தில் இருக்கும் தாயைப் பார்த்துவர மலைக்காரருக்கு ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவும் சேரும். அதனால் போய்ப் பார்ப்பது மெல்லக் குறையும். சொந்தக்காரர் கண் படாத இடத்தில் முதியவருக்குக் காவல், எழுதி வைத்த ஒப்பந்தம்தான்.

கொல்லிமலை முதியோருக்காகப் பணியாற்றும் நாங்கள் இல்லங்களுக்கு எதிரிகள் அல்ல. பிள்ளைகள் பிழைப்புக்கு இறங்கிவிட்ட வீடுகளில் தனித்திருப்பவருக்கு இல்லம் தேவைப்படலாம். ஆனால் எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது. அது கட்டண இல்லமானாலும் சரி, இலவச இல்லமானாலும் சரி.

அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை:

1. சம்மதம் முதியவருடையது. மகனோ மகளோ போடும் கையெழுத்து போதாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, இல்லத்தைச் சாராத ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. ஆஸ்திரேலியாவில் கையெழுத்திட்ட 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளலாம். இங்கும் அது வேண்டும்.

2. கட்டணம், முன்பணம், எப்போது எவ்வளவு உயர்த்தலாம், விலகினாலோ இறந்தாலோ எவ்வளவு திரும்பும் என்பவை ரூபாய்க் கணக்கில் இருக்க வேண்டும். முதியோர் உதவித்தொகை வரும் பாஸ்புக்கும் ஆதாரும் அவரிடமே இருக்க வேண்டும்.

3. இடம் தருவதற்கு நிலத்தை விலையாகக் கேட்கக் கூடாது. விரும்பி எழுதிக் கொடுப்பவரும் 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, நிபந்தனை மீறப்பட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம்.

4. வெளியே போக, போன் பேச, ஆடிப் பெருக்குக்கு ஊர் வந்து அறப்பளீஸ்வரரைக் கும்பிட அவருக்கு உரிமை உண்டு. இறந்தால் யாருக்குச் சொல்வது, உடலை மலைக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு என்பதும் முன்பே எழுதப்பட வேண்டும்.

5. காரணத்தை எழுதித் தராமலும் 30 நாள் அவகாசம் கொடுக்காமலும் வெளியேற்றக் கூடாது. படுக்கையில் விழுந்தவரை வெளியேற்றவே கூடாது.

இன்றைய சட்டம் இவ்வளவு தூரம் வரவில்லை. மேலே சொன்ன 2007 சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. இல்லத்தில் வசிப்பவருடனான ஒப்பந்தம் பற்றி அது பேசவில்லை. அச்சட்டப்படி அமைந்த வருவாய்க் கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் பிள்ளைகளிடமும் உறவினரிடமும் பராமரிப்பு கேட்கும் இடம். இல்லத்தின் மீதான புகாருக்கு அமைந்ததல்ல. கட்டணம் வாங்கும் இல்லமானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவசச் சேவையோ நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஆக, மிக ஏழைக்குத்தான் கதவு மிகக் குறைவு.

ஓய்வுக்கால வீடு வாங்கும் வசதியுள்ளவர்களுக்கு, கட்டுநர், சேவை தருபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை மத்திய அரசின் 2019 மாதிரி நெறிமுறைகள் முன்வைத்தன. அதே ஆண்டு டிசம்பரில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா எல்லா இல்லங்களுக்கும் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கேட்டது. அது சட்டமாகாமலே காலாவதியானது.

அரசிடம் நாங்கள் கேட்பது மூன்று. எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டுக் கட்டாயமாக்குங்கள். இல்லங்கள் மீதான புகார்களையும் கோட்டாட்சியரின் தீர்ப்பாயம் விசாரிக்க வழி செய்யுங்கள். அந்த விசாரணையை மாதம் ஒரு நாள் மலைமேல் செம்மேட்டிலேயே நடத்துங்கள். எண்பது வயதுக்காரரை 70 வளைவு இறங்கச் சொல்லாதீர்கள்.

மலை மக்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரியவரை இல்லத்தில் சேர்க்கும் நாளில் ஒப்பந்தத்தின் ஒரு படியைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அவரை வீட்டுக்கே அழைத்து வாருங்கள். உதவிக்கு முதியோர் உதவி எண் 14567.