பெயரின்மையும் ஒரு பெயரோ?

ஆடம்பரத்தைக் கண்டித்துப் பேசுவோர் நம்மிடையே பலர் உளர். ஆனால், ஆடம்பரமே எளிமை வேடம் பூண்டு வருமாயின், அதனைக் கண்டிப்பார் எவரையும் காணோம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள பெருங்கடைகளிலே ஜப்பானிய வீட்டுச் சாமான்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் அழகைக் கண்டு மயங்காத படித்தவர் அரியர். வெள்ளைப் பீங்கான், பழுப்புக் காகிதம், சாயமிடாத துணி, வேலைப்பாடற்ற மரம். எதன்மீதும் மார்க்கு இல்லை, சித்திரம் இல்லை. "ஆகா, எத்தகைய எளிமை!" என்று வியந்து, வீட்டிலே பழுதின்றி இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களைப் பரணில் ஏற்றிவிட்டு, இவற்றை வாங்கி வருகின்றனர். நானும் அவ்வாறு மயங்கியவனே. ஆதலின் பிறரைப் பழிப்பதற்காக இதனை எழுதுகின்றேன் என்று அன்பர்கள் கருதலாகாது.

முதற்கண் நியாயத்தைக் கூறிவிடுவோம். முஜி என்று உலகோர் சுருக்கமாக வழங்கும் அவ்வணிகத்தின் முழுப்பெயர் முஜிருஷி ரியோஹின் என்பது. முத்திரையில்லாத நற்பொருள் என்பது அதன் பொருள். 1980-ஆம் ஆண்டிலே செய்யூ என்னும் ஜப்பானியப் பல்பொருள் அங்காடி 40 பொருள்களை இப்பெயரால் விற்கத் தொடங்கிற்று. அவற்றுள் பெரும்பாலானவை உணவுப் பண்டங்கள். அவ்வணிகக் குழுமத்தின் தலைவர் செய்ஜி த்சுத்சுமி. இக்கோ தனாக்கா என்னும் சித்திரக் கலைஞர் அவருக்குத் துணை நின்றார். "காரணம் உண்டு, ஆதலின் மலிவு" என்பதே அவர்கள் கூறிய விளம்பர வாக்கியம்.

அக்காரணந்தான் யாது? உலர்ந்த காளானில் உடைந்ததைக் கழித்துவிட்டு முழுமையானதை மட்டும் அழகாகப் பொதிந்து விற்பது கடைக்காரர் வழக்கம். உடைந்ததனால் காளானின் சுவை கெடுமோ? கெடாது. எனவே உடைந்ததையும் உடையாததையும் ஒன்றாகவே பொதிந்து குறைந்த விலைக்கு விற்றனர். மீனின் நடுத்துண்டே உயர்ந்தது என்னும் எண்ணத்தை விடுத்து, தலையை அடுத்த சதையையும் வாலை அடுத்த சதையையும் சேர்த்து டின்னில் அடைத்தனர். காகிதக் கூழை வெளுக்கும் வேலையை நீக்கினர். காகிதம் பழுப்பாயிற்று, செலவு குறைந்தது. மூலப்பொருளை ஆராய்ந்து தேர்தல், செய்முறையில் வீண்வேலை ஒழித்தல், பொதியைச் சுருக்குதல் என்னும் மூன்றுமே அவர்தம் கொள்கை. பகுத்தறிவுக்கு ஒத்த வாணிகம் இது. அப்பொருளின் வெறுமைக்கு ஒரு காரணம் இருந்தது. அக்காரணத்தின் பயன் வாங்குவோன் பைக்குச் சென்றது. இதனை மனமாரப் பாராட்டுகின்றேன்.

நிற்க. பின்னர் நிகழ்ந்தது என்ன? 1983-ல் டோக்கியோ நகரின் நாகரிகப் பகுதியாகிய அவோயாமாவிலே தனிக்கடை எழுந்தது. 1991-ல் லண்டனிலும் கடை திறக்கப்பட்டது. அன்று 40 ஆக இருந்த பொருள்கள் இன்று 7,000-க்கு மேற்பட்டுள்ளன. அந்நிறுவனத்திற்குக் கலை ஆலோசனை கூறிய கென்யா ஹாரா, "இதுவே வேண்டும்" என்னும் ஆசையை விடுத்து, "இது போதும்" என்னும் நிறைவை வாங்குவோர்க்கு அளிப்பதே நோக்கம் என்று விளக்கினார். நல்ல சொல்தான். ஆனால் "இது போதும்" என்று சொல்லக் கற்றுக்கொள்வதற்கு ஏழாயிரம் பொருள்கள் எதற்கு? போதும் என்னும் சொல்லை வீட்டு வாயிலிலே சொல்லவேண்டும். பணம் செலுத்தும் மேசையிலே சொல்வதனால் என்ன பயன்?

இன்னும் ஒன்று கேளுங்கள். சீன நாட்டிலே துணிவகை சிலவற்றிற்கு இப்பெயரை அந்நாட்டு நிறுவனம் ஒன்று முன்னரே பதிவு செய்து வைத்திருந்தது. வழக்கு நடந்தது. 2019-ல் பெய்ஜிங் நீதிமன்றம் ஜப்பானிய நிறுவனத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. முத்திரை வேண்டா என்று பிறந்த பொருள், முத்திரையில்லை என்னும் முத்திரைக்காக நீதிமன்றம் ஏறிற்று! வாணிகம் செய்வோர் தம் பெயரைக் காத்தல் இயல்பே. அதனைக் குற்றமென்று கூறேன். ஆயினும் பெயரின்மையும் ஒரு பெயரே, மார்க்கின்மையும் ஒரு மார்க்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

"இஃது வணிகரின் சூழ்ச்சியன்று, ஜப்பானியரின் பழம்பண்பு. பெயரறியாக் கைவினைஞரைப் போற்றிய மரபு அது" என்பர் சிலர். அம்மரபையும் சற்றே நோக்குவோம். சோயெத்சு யானகி என்னும் அறிஞர், பெயர் பொறிக்காத எளிய மக்கள் கைவினைக்கு 1920-களில் மிங்கெய் என்று பெயரிட்டார். 1936-ல் டோக்கியோவில் அதற்கென ஒரு காட்சிச்சாலையும் நிறுவினார். அவர் வியந்து போற்றியவற்றுள் ஒன்று ஒரு கொரியக் கிண்ணம். ஏழைகள் சோறுண்ணச் செய்யப்பட்ட மிகச் சாதாரணக் கிண்ணம் அது என்பது அவர் கருத்து. இன்றோ, கியோத்தோ நகரத்துத் தைத்தோகுஜி மடத்தைச் சார்ந்த கோஹோ-அன் என்னுமிடத்தில், ஜப்பானின் தேசியச் செல்வமாக அது காக்கப்படுகின்றது. அதற்கு ஒரு பெயரும் உண்டு: கிசாயெமொன். வனைந்த குயவன் பெயரோ? அன்று. அதனை ஒருகாலத்தில் உடைமையாக வைத்திருந்த ஒசாகா வணிகன் பெயர்! செய்தவன் பெயர் மறைந்தது. வைத்திருந்தவன் பெயர் நின்றது. யானகியின் அன்பு மெய்யன்பே, ஐயமில்லை. ஆனால் அக்குயவன் தன் பெயரைத் தவமாகத் துறந்தவன் அல்லன். அவனைக் கேட்டு எழுதி வைப்பார் எவரும் இலர், அவ்வளவே.

இவ்விடத்தில் என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தோட்டத்திலே கிராணி. செம்பனைக் குலையை வெட்டுபவர், அதன் காம்பிலே தம் எண்ணை எழுதி வைப்பார். அந்த எண்ணைக் கண்டே குலைகள் கணக்கிடப்பட்டுச் செக்ரோலில் அவர் பெயருக்கு நேராக ஏறும். குலைகள் ஆலைக்குச் சென்றபின் எல்லாம் ஒரே எண்ணெய்; அதில் எவருடைய எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. கடையில் எண்ணெய் வாங்குவோர்க்கு அந்த எண் வேண்டாத கிறுக்கல். வெட்டியவர்க்கோ அதுவே அன்றைய கூலி. காம்பில் எழுதிய எண் மழையில் அழிந்துவிட்டது என்று ஒருவர் என் மேசைக்கு முன் வந்து நிற்கும்பொழுது, பெயரின்மையில் அழகு ஒன்று உண்டு என்று அவரிடம் கூற எனக்கு நா எழாது.

ஆதலின் பெயரின்மை இருவகைப்படும் என்று அறிக. விற்பவன் தன் வீண்பெருமையைக் குறைத்துக்கொள்வது ஒன்று, அது நன்று. உழைத்தவன் கண்ணுக்குத் தெரியாமற் போவது மற்றொன்று, அது தீது. 2019-ல் இந்நிறுவனம் சின்ஜியாங் பருத்தி என்று ஊரைச் சொல்லி ஆடை விற்றபொழுது, அங்கே உய்குர் மக்கள் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டை முன்னிட்டுக் கண்டனம் எழுந்தது. தன் தணிக்கையில் பெருங்குறை எதுவும் காணப்படவில்லை என்று நிறுவனம் 2021-ல் விடையிறுத்தது. அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் முற்படவில்லை. பருத்தியின் ஊர் தெரிந்தால் போதாது, பறித்த கையின் நிலையும் தெரியவேண்டும் என்பதே என் கட்சி. எந்த நாட்டுப் பொருளாயினும், எந்த நிறுவனத்தின் பொருளாயினும், நம் தோட்டத்துச் சரக்கே ஆயினும், இக்கேள்வி ஒன்றே.

அன்பர்களே! அப்பொருள்களை வாங்காதீர் என்று நான் கூறவில்லை. தேவையாயின் வாங்குங்கள், நன்றாயிருப்பின் நெடுநாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெறுமையைக் கண்டதும் கைகூப்பாதீர். 1980-ல் அவர்களே நமக்குக் கற்பித்த பாடத்தை அவர்களிடமே கேளுங்கள்: இந்த விலைக்குக் காரணம் யாது? மிச்சமானது எவன் பைக்குச் சென்றது? செய்தவன் வயிறார உண்டானா? பின்னர் வீட்டிற்குத் திரும்பிப் பரணை நோக்குங்கள். அங்கே கவிழ்ந்து கிடக்கும் எவர்சில்வர் தம்ளரிலும் மார்க்கு இல்லை, சித்திரம் இல்லை. அதனை இறக்கிக் கழுவுங்கள், இது போதும்.