கூட்டம் கற்றுத்தராது

கூட்டம் அலைமோதும் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் உருண்டு புரண்டால் தொழில் தானாக வந்துவிடும் என்பது நம் மருத்துவர்களிடையே அசைக்க முடியாத நம்பிக்கை. குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்னும் பட்டமேற்படிப்பில் சேரப்போகிறவருக்கும் சீனியர்கள் இதையே ஓதுகிறார்கள்: எத்தனை படுக்கை, ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம், பார்த்துச் சேர். இருதய அறுவை கற்பவருக்கு இது சரியாக இருக்கலாம். குடும்ப மருத்துவருக்கு இதைவிடத் தப்பான அளவுகோல் கிடையாது.

1961-இல் மருத்துவ ஆய்வாளர் கெர் ஒயிட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்க, பிரிட்டன் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். ஆயிரம் பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு உடம்புக்கு ஏதாவது வரும். டாக்டரிடம் போகிறவர்கள் 250 பேர். ஆஸ்பத்திரியில் சேர்கிறவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறவர் ஒரே ஒருவர். நம் ஊரில் எண்கள் மாறலாம், சரிவு மாறாது. வாழ்நாள் முழுக்க அந்த 250 பேரைப் பார்க்கப்போகிறவரை அந்த ஒருவரிடம் உட்காரவைத்துப் பழக்குகிறோம்.

வார்டில் படுத்திருக்கும் டெங்கு நோயாளிக்கு ஐந்தாம் நாள். பிளேட்லெட் ரிப்போர்ட் கேஸ் ஷீட்டில் இருக்கிறது. குடும்ப மருத்துவரிடம் வருவது முதல் நாள் காய்ச்சல். டெங்குவா, டைபாய்டா, நாளையே விட்டுவிடும் சளிக்காய்ச்சலா, அன்றைக்குப் பார்த்த மாத்திரத்தில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல் பொறுத்திருப்பது, என்ன தெரிந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று வீட்டாருக்குப் புரியவைப்பது, இரண்டு நாள் கழித்து அதே ஆளை மறுபடி பார்ப்பது: இதுதான் தொழில். மெடிசினில் சில மாதம், பிரசவ வார்டில் சில மாதம் என்று சுற்றிவருபவருக்கு இது எங்கே வாய்க்கும்? போகிற துறையிலெல்லாம் அவர் ஒரு கூடுதல் கை. ரத்தம் எடுக்க, டிஸ்சார்ஜ் சம்மரி எழுத. பிரசவமும் அவசர சிகிச்சையும் ஆஸ்பத்திரியில்தான் கற்க முடியும், மறுக்கவில்லை. மற்றதெல்லாம்?

கற்கும் சூழலை அளக்கக் கேள்வித்தாள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டியில் உருவாகி 2005-இல் வெளியான ‘ஃபீம்’ பெயர் பெற்றது. 40 கேள்விகள், மொத்தம் 160 மதிப்பெண். ஆனால் அது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கென்றே செய்தது. நோயாளியைத் தொடர்ந்து பார்க்க வாய்ப்பு உண்டா என்பதற்கு ஒரு கேள்வி. டியூட்டியில் இருக்கும்போது சாப்பாட்டு வசதி போதுமா என்பதற்கும் ஒரு கேள்வி. இரண்டுக்கும் அதே நாலு மதிப்பெண். (பசியோடு டியூட்டி பார்த்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) மொத்தக் கூட்டலில் எது போயிற்று, எது மிஞ்சியது என்றே தெரியாது. போதாக்குறைக்கு, தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரின் துறையில் மூன்றே பி.ஜி.க்கள் இருந்தால், பெயர் எழுதாத தாளிலும் யார் உண்மையை எழுதுவார்?

படுக்கையை எண்ணலாம், பொறுத்திருப்பதையும் மறுபடி பார்ப்பதையும் எப்படி எண்ணுவது என்பது கடைசிச் சாக்கு. ஒரு மாத ஓ.பி. பதிவேட்டை எடுங்கள். ஒரு பயிற்சி மருத்துவர் இரண்டாம் முறை பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவர் வீட்டுக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேரைப் பற்றி ஒரு மூத்த குடும்ப மருத்துவர் அவரோடு உட்கார்ந்து பேசினார்? இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் வார்டு வார்டாகக் கட்டில் எண்ணும் நேரத்தில் இதை எண்ணி முடித்துவிடலாம்.