முதுமலை பச்சையா இருக்கு... ஆனா மானுக்கு மேய்ச்சல் இல்லை!

ஊட்டியிலிருந்து மைசூர் போறப்போ முதுமலையைத் தாண்டியிருக்கீங்களா? கொத்துக் கொத்தா மஞ்சள் பூ பூத்து நிற்கும் மரங்களைப் பார்த்ததும் போனை எடுத்து ஒரு ரீல் போட்டிருப்பீங்க. தப்பில்லை, செமயாத்தான் இருக்கும். ஆனா, இந்தக் காட்டோட பெரிய தலைவலியே அந்த மரம்தான்.

பேரு சென்னா ஸ்பெக்டாபிலிஸ். நம்ம சரக்கொன்றையோட குழப்பிக்காதீங்க. அதன் பூ சரமாகத் தொங்கும். இது கொத்தாக நிமிர்ந்து நிற்கும். அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதியைச் சேர்ந்த இந்த மரத்தை அழகுக்கும் நிழலுக்கும்னு இங்கே கொண்டுவந்து நட்டது மனுஷங்கதான்.

அப்படி என்ன செய்யுது? நெருக்கமா வளர்ந்து வெயிலை மறைச்சிடும். அடியில புல் முளைக்காது. புள்ளிமான், காட்டெருமை, யானை எல்லாத்துக்கும் புல் வேணும். மான் குறைஞ்சா புலிக்கும் சிக்கல். மேலே இருந்து பார்த்தா பச்சைப் பசேல்னு காடு, உள்ளே போனா காலி பந்தி!

1940-ல் சரணாலயம், 1990-ல் தேசியப் பூங்கா, 2007-ல் புலிகள் காப்பகம்னு முதுமலைக்குப் பாதுகாப்பு கூடிக்கிட்டே வந்திருக்கு. இந்தச் சட்டமெல்லாம் துப்பாக்கியையும் கோடாரியையும் தடுக்கும். தானா விதை போட்டுப் பரவும் மரத்தை எப்படித் தடுக்கும்? இன்னிக்கு இங்கே காட்டைக் காப்பாத்தவே மரம் வெட்ட வேண்டியிருக்கு.

அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. வெட்டிய சென்னா மரங்கள் டி.என்.பி.எல். ஆலைக்குக் காகிதக் கூழுக்காகப் போகுது. நல்ல ஏற்பாடுதான். ஆனா ஆலைக்கு வேண்டியது அடிமரம். காட்டுக்குப் போக வேண்டியது வேர். வெறுமனே வெட்டிவிட்டா, கட்டையிலிருந்து ஒண்ணுக்குப் பல கிளையா துளிர்க்கும். வேரோடு பிடுங்கணும், இல்லைன்னா பட்டையை உரிச்சு நின்ன இடத்திலேயே காயவிடணும். அப்புறமும் மண்ணில் கிடக்கும் விதை சும்மா இருக்காது.

இதுக்கு முன்னாடி வந்த உண்ணிச்செடி கதையும் இதேதான். தோட்டத்து அழகுக்காக பிரிட்டிஷ்காரங்க கொண்டுவந்தது, இப்போ காடு முழுக்கப் புதர். கூடலூர் பக்கத்து ஆதிவாசிக் கலைஞர்கள் அந்தக் குச்சிகளை வளைச்சு நிஜ யானை அளவுக்குச் சிற்பங்கள் செய்றாங்க. 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் வரிசைகட்டி நின்னுச்சு, தெரியுமா?

அதனால, 'இத்தனை ஹெக்டேர் அகற்றிட்டோம்'னு செய்தி வந்தா உடனே ஹார்ட்டின் போட்டுட்டுப் போயிடாதீங்க பாஸ். அந்த இடத்துல இப்போ என்ன முளைச்சிருக்குன்னு கேளுங்க. மரம் விழுந்ததும் லாரி கிளம்பிடும். புல் திரும்பி வர்ற வரைக்கும் வருஷா வருஷம் கன்றுகளைப் பிடுங்க ஆளும் கூலியும் வேணும். ஒரு மழைக்காலம் விட்டாலும் மறுபடி மஞ்சள் பூதான்.