எந்திரத்திற்கும் நேரம் குறிக்க வேண்டும்

கணிப்பொறி உறங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் எப்போது எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதை நாமன்றோ அதற்குச் சொல்ல வேண்டும்! இணையத்தளத்திற்கென வாடகைக்குப் பெறும் இடத்தில் 'கிரான்' என்றோர் ஏவலாள் இருக்கிறான். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் 1970களிலேயே பிறந்தவன். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டால், குறித்த வேளையில் குறித்த பணியைத் தொடங்கிவிடுவான்.

உதவித்தொகை விண்ணப்பத்திற்குக் கடைசி நாள் நெருங்கும்போது துறையின் தளத்திலிருந்து மாணவர்க்கு மின்னஞ்சல் தானே போய்ச் சேரும்படி செய்தால் என்ன என்று நண்பர்கள் கேட்கின்றனர். செய்யலாம், செய்யவும் வேண்டும். கூட்டேரிப்பட்டிலிருந்து பேருந்தில் வந்து பேருந்திலேயே திரும்பும் எம்போன்றோர்க்கு அறிவிப்புப் பலகைமுன் நிற்க நேரம் ஏது? எடுத்துச் சொல்ல வீட்டில் படித்தவரும் இல்லை. ஒரு நாள் தவறினால் அவ்வாண்டுப் பணமே போய்விடும். ஆகவேதான் இதை விளையாட்டாகக் கொள்ளலாகாது என்கிறேன்.

முதலில் நேரம். 1906ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய நேரம் கிரீனிச் நேரத்திற்கு ஐந்தரை மணி முந்தியது. வாடகைக் கணிப்பொறிகள் பலவும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே காலை 6 மணி என்று எழுதினால் நமக்கு முற்பகல் 11.30 ஆகிவிடும். நம் 6 மணிக்கு வேண்டுமாயின் மணிக் கட்டத்தில் 0, நிமிடக் கட்டத்தில் 30 என்று எழுத வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. தேதிக்கு 10, கிழமைக்குத் திங்கள் என்று குறிப்போர், இரண்டும் கூடிய நாளில் மட்டுமே பணி நடக்கும் என நம்புகின்றனர். கிரானோ ஒவ்வொரு 10ஆம் தேதியும் நடத்துவான், ஒவ்வொரு திங்களும் நடத்துவான்! நள்ளிரவு 12 மணியையே எல்லாரும் குறிப்பதும் ஒரு வழக்கம். ஒரே கணிப்பொறியைப் பலர் பகிர்வதால் நம் காலைப் பேருந்தின் படிக்கட்டு நிலைதான் அங்கும். 12.17 என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இவற்றினும் பெரிது ஒன்று உண்டு. குறித்த வேளையில் கணிப்பொறி நின்றிருந்தால் அவ்வேளைப் பணி போனதுதான். மீண்டும் ஓடத் தொடங்கியபின் கிரான் அதை நினைவுகூர்வதில்லை. பிழை நேர்ந்தால் வரும் செய்தியைத் தொல்லையென்று அடைத்துவிடுவோரும் உளர். இதை நான் ஏற்கவில்லை. பணி ஓடியதா என்று நாள்தோறும் பார்க்க ஒரு மாணவரையும் ஒரு விரிவுரையாளரையும் பெயர் சொல்லி அமர்த்திவிட்டு, அதன்பின் கிரானை ஏவுவோம். கடைசி நாளுக்கு முன் மூன்று முறையாவது அஞ்சல் போகட்டும். பொறுப்பிலுள்ள மாணவர் படிப்பை முடித்துச் செல்கையில் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டே செல்லட்டும்.