16 நகர்த்தலில் டிரா... ஏமாற்றமா, சாமர்த்தியமா?

சென்னை: செஸ்சில் 'டிரா' என்றாலே நம்ம ரசிகர்களுக்கு முகம் சுருங்கிவிடும். ஜெயிக்கணும், இல்லேன்னா தோற்கணும். ரெண்டும் இல்லாம கைகுலுக்கி எழுந்து போனா என்ன அர்த்தம்?

2013 நவம்பர் 9-ந்தேதி சென்னையில் உலக செஸ் சாம்பியன்ஷிப் தொடங்கியது. உள்ளூர் ஹீரோ விஸ்வநாதன் ஆனந்த், நார்வேயின் கார்ல்சன். முதல் ஆட்டமே 16 நகர்த்தலில் டிரா!

நடந்தது இதுதான். வெள்ளைக்காய் கார்ல்சனுக்கு. ஆனந்தின் குதிரை அவரது ராணியைத் துரத்தியது. ராணி ஒதுங்கியது. குதிரை வேறு கட்டத்துக்குத் தாவ, ராணி பழைய இடத்துக்கே திரும்பியது. குதிரையும் மறுபடி வந்து நின்றது. வேறு வழி தேடினால் வெள்ளைக்குத்தான் சிக்கல். கார்ல்சன் டிராவுக்கு இறங்கி வந்தார்.

முதலில் நகர்த்துவது வெள்ளை. அந்த அளவு ஆட்டக்காரர்களிடம் அதுவே பெரிய பலம். கறுப்புக்காயில் டிரா செய்தால் பாதி ஜெயித்த மாதிரி. அன்று சிரித்திருக்க வேண்டியது ஆனந்த் ரசிகர்கள்தான். (பிறகு 5, 6, 9-வது ஆட்டங்களை கார்ல்சன் வென்று 6.5-3.5 என பட்டத்தைத் தட்டிச் சென்றது தனி சோகம்.)

லீக் போட்டி என்றால் கணக்கே வேற. ஆனந்த் பேடன்-பேடன் அணிக்கு ஆடிய ஜெர்மனி பண்டஸ்லிகாவில் ஒரு அணிக்கு 8 பேர். டிராவுக்கு அரைப் புள்ளி. அணி 4 புள்ளி எடுத்துவிட்டால், கடைசி ஆளுக்கு அரைப் புள்ளி போதும், மேட்ச் கையில். நல்ல நிலையில் இருந்தாலும் அவர் ரிஸ்க் எடுப்பாரா? மாட்டார். எடுத்தால் கேப்டன் சும்மா விடுவாரா!

டிராவைக் குறைக்க 2023-ல் துபாயில் தொடங்கிய குளோபல் செஸ் லீக் புது கணக்கு போட்டது. கறுப்பில் ஜெயித்தால் 4 புள்ளி, வெள்ளையில் 3, டிராவுக்கு 1.

கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா டிரா ஆனால் ரெண்டு அணிக்கும் ஆளுக்கொரு புள்ளி. வித்தியாசம் பூஜ்யம்தானே! முன்னிலையில் இருக்கும் அணி அப்பவும் டிராவைத்தான் தேடும். 3 புள்ளி பின்தங்கி, கடைசி போர்டில் கறுப்புக்காயோடு உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் இந்த விதி வேலை செய்யும். ஜெயித்தால் அந்த 4 புள்ளியில் மேட்ச்சே அவரது அணிக்கு. டிரா செய்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.