மலைவீட்டுக்கு என்ன வாங்கிப் போவது?

சிநேகிதர் ஒருவருக்கு மலையில் வீடு இருக்கிறது. வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிடுகிறார். சரி என்று போனை வைத்த உடனே வீட்டில் ஆரம்பிக்கிற பேச்சு, என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதுதான். நம் வயதுக்காரர்கள் பலர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஓட்டலில் ரூம் போட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு, நாலு நாளைக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு. அதில் பாதி விலைக்காவது ஒரு சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டால் பட்ட கடன் தீர்ந்தது. கருவூலத்தில் முப்பத்தைந்து வருஷம் பில் பார்த்தவன் நான். பற்று வரவு பார்ப்பது எனக்குப் பிடித்த வேலையும்கூட. ஆனாலும் இந்தக் கணக்கு ஆகாது என்பதே என் அபிப்பிராயம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வகுப்பில் சில பையன்களின் அப்பாக்கள் எழுதிக் கொடுத்தார்கள், என் அப்பா கொடுக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரெஞ்சு இலக்கணம் படித்தவர்களில் ஒருவனுக்கு இன்று யூரோவில் பென்ஷன், இன்னொருவனுக்கு ரூபாயில். கொடைக்கானலில் வீடு வாங்கியிருப்பவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலை, ஆகஸ்டில் பேரப்பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி விடுமுறை. அப்போது குடும்பத்தோடு வந்து இறங்குவார். எங்களையும் கூப்பிடுவார்.

எங்களோடு படித்த இன்னொருவர், அவரும் ரூபாய் பென்ஷன்தான், முதல் தடவை போனபோது வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி வாங்கிப் போனார். அவருடைய இரண்டு மாதப் பென்ஷன் அதில் போயிற்று. அடுத்த வருஷம் கூப்பிட்டபோது முட்டி வலி என்றார். அதற்கடுத்த வருஷம் மலைக்குளிர் ஆகாது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். காரணம் என்னவென்று எனக்குத் தெரியும். விளக்குக்குக் குறைந்து எதையும் கையில் எடுத்துப் போக அவரால் முடியவில்லை. கூப்பிட்டவரோ, நம் மேல் என்ன வருத்தமோ என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். நாலாவது வருஷம் கூப்பிட ஆள் இல்லை. விளக்கு இன்னும் அந்த வீட்டு அலமாரியில் பழந்துணி சுற்றி இருக்கிறது, கறுத்துப் போய்.

வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற வீடு அது. பனியும் ஈரமும் உள்ளே வந்து, மரச்சாமான், துணி, தோல் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கும். சுவரில் மாட்டுகிற படம் இரண்டு மழைக்காலம் தாங்காது. ஆகவே அலங்காரச் சாமான் வேண்டாம். ஸ்வீட் பாக்ஸும் வேண்டாம். அறுபது தாண்டிய நாலு பேர் கூடினால் மூன்று பேருக்குச் சர்க்கரை.

அந்த வீட்டில் என்ன இல்லை என்று பாருங்கள். நான் முதல் தடவை போனபோது பருப்பு வேகவில்லை. அது சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கர் இருந்தது. அதன் காஸ்கெட் பத்து மாதத்தில் விறைத்து வெடித்திருந்தது. சிநேகிதரின் மனைவி தட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டு நின்றார். மறு வருஷம் நான் இரண்டு காஸ்கெட், ஒரு சேஃப்டி வால்வு கொண்டுபோனேன். அந்தம்மாள் முகத்தில் வந்த சந்தோஷம் வெள்ளி விளக்குக்கு வந்திருக்காது.

இன்னொன்று வடகம். சித்திரை, வைகாசி வெயிலில் சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம் எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, உருட்டிக் காயவைப்பது. பிரெஞ்சுக்காரர்கள் இதைத்தான் வதுவான் என்று பெயர் வைத்துப் பெரிய சமையலில் சேர்க்கிறார்கள். மலையில் அதைக் காயவைக்க வெயில் கிடையாது, பாரிஸிலும் கிடையாது. என் மனைவி ஒரு படி உருட்டிக் கொடுப்பாள். பாதி அங்கே குழம்புக்கு, மீதி அவர்களோடு விமானம் ஏறும்.

'புதுச்சேரியிலிருந்து போகிறீர்கள், ஒரு பாட்டில் கொண்டுபோனால் ஆயிற்றே' என்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு எல்லையில் மதுவிலக்கு போலீஸ் பையைத் திறந்து பார்ப்பது அவர்களுக்குத் தெரியாது போல. எழுபது வயதுக்கு மேல் அந்த மரியாதை வேண்டாம்.

பூ வாங்கினால் மல்லிகை வாங்குங்கள். சாமந்தி நமக்கு ஆயுதபூஜைப் பூ. அவர்களுக்கு அது நவம்பர் 1-ல் கல்லறையில் வைக்கிற பூ. பிரான்சில் வளர்ந்த மருமகள் இருக்கிற வீட்டில் சாமந்தியை நீட்டினால், அந்தப் பெண் நல்லவள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவ்வளவுதான். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் கொடுத்ததை அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பார்கள், அதுதான் அவர்கள் மரியாதை. நம்மவர்கள் வாங்கி ஓரமாக வைப்பார்கள். எதிரிலே பிரிக்கிற வீட்டில், கூட வந்த இன்னொரு விருந்தாளியின் கை கூசுகிற மாதிரிப் பெரிய பொருளைக் கொடுப்பது அழகல்ல.

வாட்ச்மேனையும் அவர் மனைவியையும் பலர் மறந்துபோகிறார்கள். விடிகாலையில் வெந்நீர் போடுவது அந்தம்மாள்தான், கம்பளி உதறிப் போடுவது அவர்தான். நாம் போவதால் வீட்டுக்காரருக்குச் செலவு கூடுகிறது, இவர்களுக்கு வேலை கூடுகிறது. நான் செலவிடுவதில் பாதி இவர்களுக்கு. பணத்தை வீட்டம்மாளிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால், இவர்கள் சம்பளம் போதவில்லை என்று நாம் நினைத்ததாக ஆகும். பழைய ஸ்வெட்டர் கொடுக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் கொடுக்கிறார்கள். இந்தம்மாள் கேட்டது நெத்திலிக் கருவாடு. எவர்சில்வர் தூக்கில் போட்டு, மூடியைத் துணியால் கட்டி, மூன்று பஸ் மாறிக் கொண்டுபோனேன். திண்டுக்கல் தாண்டியதும் முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு கடிதம் எழுத வேண்டும். லெத்ர் தெ ஷாத்தோ என்பார்கள் பிரெஞ்சில். ஒருவர் வீட்டில் தங்கிவிட்டு வந்தவர் நன்றி சொல்லி எழுதுகிற கடிதத்துக்கு அதுதான் பெயர். போனில் தேங்க்ஸ் அனுப்புவது இதில் சேராது. காகிதத்தில், கையால், சாப்பிட்ட ஒன்றையோ பார்த்த ஒன்றையோ குறிப்பிட்டு எழுத வேண்டும். போன வருஷம், பேரன் என்னோடு பிரெஞ்சில் சண்டை போட்டுவிட்டுத் தமிழில் சமாதானம் கேட்டதை எழுதினேன். அதை அவனுக்குப் படித்துக் காட்டியதாக 'டேய், இவன் சிரிக்கிறான்டா' என்று சிநேகிதர் போன் செய்தார்.

இந்த ஜூலைக்கும் கூப்பிட்டிருக்கிறார். பழைய குக்கர் போய்விட்டதாம், புதிது மூன்று லிட்டராம். எந்தக் கம்பெனி, மூடி உள்ளே போவதா வெளியே மூடுவதா என்று வாட்ச்மேனைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.